.22 ரைஃபிள் பேரலுக்கு எந்த பிரஷ் வாங்கலாம்?

வலதுகண்:
எல்லோருக்கும் வணக்கம். கிளப்பில் 50 மீட்டர் ப்ரோன் (படுத்துச் சுடுவது) சுட ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆகிறது. இப்போது சொந்தமாக ஒரு .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் கைக்கு வந்திருக்கிறது, செகண்ட் ஹாண்ட்தான். கூடவே ஒரு கிளீனிங் கிட்டும் கொடுத்தார்கள். அதில் மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கிற அலுமினிய ராட், தங்க நிறத்தில் ஒரு பிரஷ், வெள்ளை நைலான் ஒன்று, வெள்ளி மாதிரி மின்னுகிற ஒன்று, ஒரு கம்பளி மாப் எல்லாம் இருக்கின்றன.

எதை எப்போது போடுவது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சுட்டு முடித்ததும் தினமும் வெண்கல பிரஷ் போடு என்கிறார் ஒரு சீனியர். .22 பேரலுக்குள் பிரஷ்ஷை விட்டால் பேரல் போச்சு என்கிறார் பக்கத்து லேன்காரர். இரண்டு பேரும் நன்றாகச் சுடுகிறவர்கள், அதுதான் குழப்பம். வீட்டில் அப்பாவின் .32 ரிவால்வர் வேறு இருக்கிறது. ஒரே பிரஷ் இரண்டுக்கும் ஆகுமா?

ஐம்பது_மீட்டர்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஆகாது. .22 குழலின் உள்விட்டம் வரிப்பள்ளத்தோடு (குண்டைச் சுழற்ற உள்ளே வெட்டிய பள்ளம்) சேர்த்து 5.6 மி.மீ. சுற்றி வரும். .32 கிட்டத்தட்ட 7.9. சின்ன பிரஷ் பெரிய குழலில் எதையும் தொடாமல் போய் வரும், பெரிய பிரஷ் சின்னக் குழலில் சிக்கும். பிரஷ்ஷின் விட்டம் குழலைவிடக் கொஞ்சமே கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். அழுத்தித் தள்ளினால்தான் போகும் என்கிற அளவு.

அப்புறம் அந்த வெள்ளி நிறம். அது ஸ்டீல். அதைக் கிட்டிலிருந்து எடுத்து வீட்டு கேட் துருவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ரைஃபிளுக்கு வேண்டாம். முள்ளாக இல்லாமல் வளைய வளையமாகச் சுற்றிய ஸ்டீல் பிரஷ் ஒன்றும் விற்கிறார்கள். நுனி கீறாது என்று சொல்லித்தான் விற்பார்கள். இருக்கலாம், ஆனால் .22-வில் அதற்கு வேலையே இல்லை.

வேலை இல்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், முதலில் குழலுக்குள் என்ன அழுக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேட்ச் .22 தோட்டாவில் குண்டு வெறும் ஈயம், மேலே மெழுகு அல்லது கிரீஸ். வேகம் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே. செம்பு உறை கிடையாது. ஆகவே உள்ளே படிவது மூன்று விஷயம். மெழுகும் ஈயமும் கலந்த மெல்லிய படலம் ஒன்று, மிருதுவான புகைக்கரி இன்னொன்று. மூன்றாவது, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) முடிந்து வரிப்பள்ளம் தொடங்குகிற இடத்தில் கெட்டியாகப் பிடிக்கும் ஒரு கரி வளையம். முதல் இரண்டும் துணியிலோ ஃபெல்ட்டிலோ (அழுத்திய கம்பளி) வந்துவிடும். அந்த வளையம் மட்டும் துணிக்கு மசியாது, அதற்குத்தான் வெண்கல பிரஷ்.

உங்கள் சீனியரும் சரி, பக்கத்து லேன்காரரும் சரி, பாதி சொல்லியிருக்கிறார்கள். தினமும் பேட்ச், அதாவது சின்னத் துணித் துண்டு, அல்லது ஃபெல்ட். குரூப் (இலக்கில் விழும் துளைக் கூட்டம்) காரணமில்லாமல் விரிய ஆரம்பித்தால், அல்லது போர்ஸ்கோப்பில் (குழலுக்குள் பார்க்கும் கருவி) வளையம் தெரிந்தால், வெண்கல பிரஷ். அதுவும் சில தள்ளல்கள் போதும்.

பழைய_கேடட்:
என்.சி.சி.யில் .22-வும் .303-யும் சுட்டவன் நான். பிரஷ் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. புல் த்ரூ (குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு), சிந்தி (துணித் துண்டு), எண்ணெய் பாட்டில், அவ்வளவுதான். துடைக்க நாலுக்கு ரெண்டு இஞ்ச் சிந்தி, எண்ணெய் போட நாலுக்கு ஒன்றரை. இந்த அளவு தப்பினால் பயிற்சி தரும் உஸ்தாத் கத்துவார். கயிற்றில் மூன்று கண்ணி இருக்கும். ஒன்றில் சிந்தி, ஒன்றில் கம்பி வலை. இன்னொன்றை நாங்கள் தொடக்கூடாது, நடுவில் சிக்கிக்கொண்டால் ஆர்மரர் (ஆயுதம் பழுது பார்ப்பவர்) இழுத்து எடுப்பதற்கு. அந்த ரைஃபிள்களெல்லாம் எத்தனை வருடத்துப் பையன்களைப் பார்த்தன! இப்போது நாலு சுற்றுச் சுட்டுவிட்டு மேஜை நிறைய சாமான் பரப்புகிறார்கள்.

ஐம்பது_மீட்டர்:
சார், சிந்தியை நான் குறை சொல்லவே மாட்டேன். மேலே நான் சொன்ன தினசரி வேலையை அதுதான் செய்கிறது. ஆனால் இரண்டு விஷயம். கயிற்றை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்து இழுத்து வாய்ப்பக்கம் தேய்ந்துபோன .303 பேரல்கள் உண்டு, அதனால்தான் நேராக இழு என்று உங்களை விரட்டியிருப்பார்கள். இன்னொன்று, அந்தக் காலத்து .303 தோட்டாவின் ப்ரைமரில் (பற்றவைக்கும் மருந்து) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் உப்பாகப் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். அதற்குப் பிரஷ்ஷும் உதவாது, எண்ணெயும் உதவாது, வெந்நீர் ஊற்றித்தான் கரைக்க வேண்டும். இப்போதைய .22 மேட்ச் தோட்டாவில் அந்தத் தொல்லை இல்லை.

பழைய_கேடட்:
வெந்நீர் ஊற்றியது உண்மைதான். புனல் வைத்து. கை சுடும்.

வலதுகண்:
நன்றி சார்கள். ஒரு விசித்திரம். கிட்டோடு ஒரு குப்பி சால்வெண்ட் (அழுக்குக் கரைக்கும் திரவம்) இருந்தது, அம்மோனியா நாற்றம் தூக்கியடிக்கிறது. வெண்கல பிரஷ்ஷை அதில் நனைத்து விட்டேன். அப்புறம் பேட்ச் போட்டால் நீலப்பச்சையாக வருகிறது. திரும்பத் திரும்பப் போட்டாலும் நீலம்தான். செம்பு இருந்தால்தான் நீலம் வரும் என்று படித்தேன். முன்பு வைத்திருந்தவர் செம்பு பூசிய தோட்டா சுட்டிருப்பாரோ?

வீல்கன்:
ஹா ஹா, நீங்கள் பிரஷ்ஷைக் கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள் தம்பி.

ஐம்பது_மீட்டர்:
வீல்கன் சொல்வதுதான். வெண்கலத்தில் பெரும்பகுதி செம்பு. அம்மோனியா உள்ள சால்வெண்ட் குழலில் ஒட்டிய செம்புக்கும் பிரஷ்ஷில் உள்ள செம்புக்கும் வித்தியாசம் பார்க்காது. துணியைத் தள்ளுகிற ஜாக் பித்தளையாக இருந்தால் அதுவும் நீலம் விடும். குழல் சுத்தமாகவே இருந்தாலும் நீலம் நிற்காது.

அந்தச் சால்வெண்ட் செம்பு உறை போட்ட சென்டர்ஃபயர் (அடிப்பாகத்தின் நடுவில் அடிபடும் வகை) தோட்டா சுடுகிறவர்களுக்கு. .308, .223 மாதிரி. அவர்களுக்குத்தான் நைலான் பிரஷ் உண்மையில் பயன்படும். நைலான் சுரண்டாது, சால்வெண்டை உள்ளே பரப்பிவிட்டு ஊற விடும், கரைவது ரசாயனத்தின் வேலை. கூடவே நிக்கல் பூசிய ஜாக் வைத்துக்கொண்டால் பேட்ச் காட்டும் நீலத்தை நம்பலாம். அம்மோனியா வகையைக் குப்பியில் எழுதியிருக்கிற நேரத்துக்கு மேல் குழலில் விட்டுவைக்கக்கூடாது, ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

உங்கள் .22-க்கு அது தேவையில்லை. கரிக்கும் ஈயத்துக்குமான சாதாரண சால்வெண்ட் போதும். ஹாப்பிஸ் நம்பர் 9 என்று 1903-லிருந்து ஒன்று இருக்கிறது, பாலிஸ்டால் என்று ஜெர்மன் எண்ணெய் ஒன்று இருக்கிறது. கிடைப்பதை வாங்குங்கள். மண்ணெண்ணெய் கரியை எடுக்கும், ஆனால் காய்ந்தபின் துருவிலிருந்து காக்காது. மேலே எண்ணெய் பூசாமல் விட்டால் ஐப்பசி மழையில் வேலையைக் காட்டும்.

லேத்_பட்டறை:
கோவையிலிருந்து. நான் சுடுகிறவன் இல்லை, சுடுகிறவர்களுக்கு ராட், அடாப்டர் கடைந்து கொடுக்கிறவன். பேரல் போச்சு என்று பயமுறுத்துகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். பேரல் ஸ்டீல் குரோம்-மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது) என்றால் ராக்வெல் சி கடினத்தன்மை அளவில் 25-லிருந்து 32-க்குள் இருக்கும். பாஸ்பர் வெண்கலக் கம்பி அதைவிட மெத்து. மெத்தான உலோகம் கெட்டியானதைக் கீறாது. அப்படியானால் தேய்மானம் எங்கிருந்து வருகிறது? உள்ளே ஒட்டிக்கொண்டு போகிற தூளிலிருந்து. பட்டறையில் லேப்பிங் செய்வது இப்படித்தான்: மெத்தான செம்பிலோ ஈயத்திலோ எமரித் தூளைப் பதித்துக் கெட்டி ஸ்டீலைத் தேய்ப்போம். உங்கள் அலுமினிய ராட் அதே வேலையைத் தெரியாமல் செய்கிறது. மெத்து, தூளைப் பிடித்துக்கொள்ளும். மூன்று துண்டைச் சேர்த்த இடத்தில் ஒரு படி இருக்கும், விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டும். தள்ளும்போது ராட் வளைந்து அந்தப் படி வரிப்பள்ளத்தின் விளிம்பில் உரசும்.

எது பிரஷ் என்று சண்டை போடுவதற்கு முன் ராடை மாற்றுங்கள். ஒரே துண்டாக, பிளாஸ்டிக் கோட்டிங் போட்ட ஸ்டீல் அல்லது கார்பன் ஃபைபர். ஒவ்வொரு தள்ளலுக்கும் ராடைத் துணியால் துடைக்க வேண்டும். கைப்பிடியில் பேரிங் இருக்க வேண்டும், ராட் வரிப்பள்ளத்தோடு சேர்ந்து தானாகத் திரும்புவதற்கு. கைப்பிடி சுழலாவிட்டால் வலப்பக்க முறுக்கு உள்ள பேரலில் தள்ளத் தள்ள பிரஷ் மரை கழன்றுகொண்டே போகும். கடைசியில் ராட் மட்டும் வெளியே வரும், பிரஷ் உள்ளே உட்கார்ந்திருக்கும். அதை எடுக்க என்னிடம் வருவார்கள்.

ஐம்பது_மீட்டர்:
தூள் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். உங்கள் .22 மாதிரி ரிம்ஃபயர் (விளிம்பில் அடிபடும் வகை) தோட்டாவின் ப்ரைமரில் உராய்வுக்காகக் கண்ணாடித் தூள் சேர்ப்பதுண்டு. சுட்டபின் அதன் மிச்சம் குழலின் அடிப்பக்கத்தில் கிடக்கும். அதனால்தான் உலர்ந்த பிரஷ்ஷை நேரே விடக்கூடாது என்பது. முதலில் சால்வெண்ட் நனைத்த பேட்ச் ஒன்று, அது தூளை வாரிக்கொண்டு போகட்டும். அப்புறம் பிரஷ்.

வலதுகண்:
பிரஷ்ஷைப் பல் தேய்க்கிற மாதிரி முன்னும் பின்னும் ஆட்டலாமா? வளையம் சேம்பர் பக்கம் மட்டும்தானே இருக்கிறது.

லேத்_பட்டறை:
ஆட்டாதீர்கள். முள் எல்லாம் தள்ளும் திசைக்கு எதிராகச் சாய்ந்துதான் உள்ளே போகும். நடுவில் திசையை மாற்றினால் சாய்ந்த முள் நிமிர்ந்து மறுபக்கம் மடங்க இடமில்லை. கொஞ்சம் பலவந்தப்படுத்தினால் திரும்பும், ஆனால் அத்தோடு பிரஷ்ஷின் ஆயுள் முடிந்தது. வெண்கலம் நைலான் அளவுக்கு மன்னிக்காது. முழுக்க வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும்.

ஐம்பது_மீட்டர்:
சேம்பர் வளையத்துக்கு மட்டும் என்றால் குட்டை ராடில் பிரஷ்ஷை வைத்து உள்ளே தள்ளி, கடிகார முள் திசையில் மெதுவாகச் சுழற்றலாம். முன்பின் ஆட்டல் இல்லை, வெறும் சுழற்சி. தளர்வான பழைய பிரஷ்ஷில் பேட்ச் சுற்றியும் செய்யலாம்.

எல்லாம் பின்பக்கத்திலிருந்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, போர் கைடு (ராடை நேராக உள்ளே விடும் குழாய்) வைத்துச் செய்யுங்கள். சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு. இதை ஒவ்வொரு தடவையும் எழுதுவேன், சலித்துக்கொள்ள வேண்டாம்.

வாய்க்கு வெளியே வந்த பிரஷ்ஷை அப்படியே திரும்ப இழுக்கக்கூடாது என்பது என் கட்சி. அங்கேயே கழற்றிவிட்டு ராடை மட்டும் இழுங்கள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற விளிம்பு அது, கிரவுன். அங்கே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் வாயு சமமாக வெளியேறாது, குண்டு தள்ளாடும்.

லேத்_பட்டறை:
இதில் நான் உடன்படவில்லை அண்ணே. வெண்கல முள் கிரவுனைத் தேய்க்காது. கிரவுனைத் தேய்ப்பது சாய்ந்து தொங்குகிற ராட். பிரஷ் வெளியே வந்ததும் ராட் தன் எடையில் கீழ் விளிம்பில் உட்காருகிறது, இழுக்கும்போது அங்கே உரசுகிறது. நீங்கள் கழற்றுவதற்காக நிறுத்தி ராடைப் பிடித்துத் திருகுகிறீர்களே, அப்போதும் அதே விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறது! நேராகப் பிடித்து நிதானமாக இழுத்தால் போதும்.

ஐம்பது_மீட்டர்:
நேராக இழுக்கிற கை உங்களுக்கு இருக்கிறது, பட்டறைக் கை. புதுப் பையனுக்குக் கழற்று என்று சொல்வதுதான் பாதுகாப்பு.

லேத்_பட்டறை:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். பாதி.

எஸ்டேட்காரன்:
ரைஃபிள்காரர்களுக்கு நடுவில் ஒரு 12 போர் ஷாட்கன் கேள்வி. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் இரட்டைக் குழல் வைத்திருக்கிறேன். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டியதுதான். முடிவு வந்து திரும்ப எடுக்கும்போது குழலுக்குள் சாம்பல் நிறத்தில் நீளநீளமாகக் கோடு தெரிகிறது. துருவா? வெண்கல பிரஷ் போட்டால் மேலே மேலே வழுக்கிக்கொண்டு போகிறது.

வீல்கன்:
பிளாஸ்டிக் வாட் (சிறு குண்டுகளைத் தாங்கும் கிண்ணம்) உள்ள தோட்டாவா சுடுகிறீர்கள்? அப்படியானால் அது பிளாஸ்டிக். வாட் சூட்டில் உருகிக் குழலில் இழுபடும். பிரஷ் அதன் மேல் வழுக்கத்தான் செய்யும். ஒரு முனையில் கார்க் அடைத்துச் சால்வெண்ட் ஊற்றி ஊற வையுங்கள், அல்லது குழலைக் கழற்றிக் கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றுங்கள். அப்புறம் பிரஷ் விட்டால் நாடா நாடாவாக உரிந்து வரும். பார்க்கவே திருப்தியாக இருக்கும். உரிந்த பிறகு அடியில் செம்மண் நிறம் தெரிந்தால்தான் துரு.

12 போருக்கு உள்விட்டம் 18.5 மி.மீ. ஆனால் சேம்பர் அதைவிட அகலம், பின்முனையில் 20 மி.மீ.க்கு மேல் இருக்கும். குழலுக்கு வாங்கிய பிரஷ் சேம்பரில் சும்மா போய் வரும். சேம்பருக்கென்று பெரிய பிரஷ் தனியாக வாங்குங்கள், இல்லையென்றால் 10 போர் பிரஷ். ஈயம் அதிகம் ஒட்டுவது சேம்பர் முடிந்து குழல் குறுகுகிற அந்தச் சரிவிலும், வாயருகே குறுகுகிற சோக்கிலும்தான். நடுக்குழலை எவ்வளவு தேய்த்தாலும் பயன் இல்லை.

ஒப்படைக்கும் முன் கம்பளி மாப்பில் எண்ணெய் தொட்டு உள்ளே ஓட்டிவிட்டுக் கொடுங்கள். துணி உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள், ஈரம் பிடிக்கும். வலதுகண், உங்கள் கிட்டில் உள்ள அந்த மாப்பும் எண்ணெய் பூசத்தான், அழுக்கு எடுக்க இல்லை.

வலதுகண்:
ரிவால்வருக்கு என்ன செய்வது அண்ணே? வீல்கன் என்றால் ரிவால்வர்தானே, உங்கள் பெயரைப் பார்த்தாலே நீங்கள்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

வீல்கன்:
.32 ரிவால்வரில் ஈயம் குவிகிற இடம் சிலிண்டரிலிருந்து குண்டு குழலுக்குள் தாவுகிற பின்முனை. அங்கே குண்டு கொஞ்சம் சிராய்த்துக்கொண்டுதான் நுழையும். .32 அளவு வெண்கல பிரஷ் வாங்குங்கள், பிஸ்டலுக்கென்று வரும் குட்டை வகை. சிலிண்டரின் அறைகள் குழலைவிட அகலம், அதற்கு அடுத்த பெரிய அளவு ஒன்று வேண்டும். இரண்டு பிரஷ், இரண்டும் விலை குறைவு.

பெரும்பாலான ரிவால்வர்களில் பின்னாலிருந்து ராட் விட முடியாது, ஃப்ரேம் மறிக்கும். வாய்ப்பக்கத்திலிருந்துதான் விட்டாக வேண்டும். ஆகவே மேலே அண்ணன்மார் சண்டை போட்ட கிரவுன் விஷயம் உங்களுக்கு இங்கே நிஜமாகவே பொருந்தும். வாயில் பொருந்துகிற சின்னப் பித்தளைக் கைடு கிடைக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஈயம் கெட்டியாக ஒட்டியிருந்தால் தேய்ந்த பிரஷ்ஷில் சுத்தச் செம்பு நாரைக் கொஞ்சம் சுற்றி விடலாம். செம்பு ஈயத்தைச் சுரண்டும், ஸ்டீலைச் சுரண்டாது. பாத்திரக் கடையில் செம்பு நிறத்தில் விற்கிற ஸ்க்ரப்பரில் பாதி செம்பு முலாம் பூசிய இரும்புதான். காந்தம் வைத்துப் பாருங்கள்.

லேத்_பட்டறை:
காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டாது, அதன் மேல் செம்பு நிறம் போட்டிருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டி உள்ளே என்ன நிறம் என்று பாருங்கள்.

பத்து_மீட்டர்_அம்மா:
எல்லாவற்றையும் படித்தேன். என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள். கடலூரில் பிறந்த இளவேனில் ஒலிம்பிக் வரை போனதைப் பார்த்து ஆரம்பித்தவள். .177 வெண்கல பிரஷ் ஆன்லைனில் பார்த்தேன், கார்ட்டில் வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

ஐம்பது_மீட்டர்:
கார்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள் மேடம். ஏர் ரைஃபிளில் மருந்து எரிவதே இல்லை, கரி ஏது? ஈயத் தூசி மட்டும்தான். 4.5 மி.மீ. ஃபெல்ட் உருண்டை டப்பாவில் விற்கும். ராடின் முனையில் மாட்டி பின்பக்கத்திலிருந்து தள்ளினால் போதும். பெல்லட் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கும், பிரஷ்ஷின் முள் அதைக் கிழித்துவிட்டால் காற்று கசிந்து வேகம் மாறும். சால்வெண்டும் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளாக இருந்தால் குழலில் பெட்ரோலிய எண்ணெய் தங்கவே கூடாது, அழுத்தத்தில் அது டீசல் மாதிரி பற்றிக்கொள்ளும்.

மகள் பெல்லட் டப்பாவைத் தொட்ட கையோடு சாப்பிட வேண்டாம். ஈயம். நம் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பத்து_மீட்டர்_அம்மா:
எடுத்துவிட்டேன் சார், நன்றி. சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள், இனி மொட்டை மாடி.

வலதுகண்:
சரி, என் பட்டியல்: ஒரே துண்டு ராட், போர் கைடு, .22 வெண்கல பிரஷ் இரண்டு, ஃபெல்ட், பேட்ச். ரிவால்வருக்கு .32-ம் அடுத்த அளவும். சரியா? பழைய பிரஷ் மரை புது ராடில் பொருந்துமா?

லேத்_பட்டறை:
இங்கேதான் எல்லோரும் காசைக் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்க பிரஷ் பெரும்பாலும் 8-32 மரை (8-ஆம் நம்பர் திருகு, இஞ்சுக்கு 32 மரை). டூயி கம்பெனி ராட் 8-36, அடாப்டர் கூடவே வரும், தொலைக்காதீர்கள். .177 அளவுக்கு 5-40. 12 போருக்கு ஐந்து பை பதினாறு இஞ்ச், 27 மரை. ஐரோப்பிய ராட் என்றால் எம்4 அல்லது எம்5. எம்4-ம் 8-32-ம் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். எம்4 4 மி.மீ., பிட்ச் (மரை இடைவெளி) 0.7. மற்றது 4.17 மி.மீ., பிட்ச் ஏறக்குறைய 0.8. இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும். பொருந்திவிட்டது என்று நினைத்து முறுக்கினால் மரை போய்விடும். இரண்டு சுற்றுக்கு மேல் விரலால் ஏறாவிட்டால் நிறுத்துங்கள்.

பிரஷ் வாங்கும்போது நடுத்தண்டையும் பாருங்கள். முறுக்கிய தண்டு பித்தளையாக இருக்கட்டும், ஸ்டீல் வேண்டாம். நுனியில் கம்பி வெட்டி விட்டிருந்தால் எடுக்காதீர்கள், வளையமாக மடக்கியிருக்க வேண்டும்.

ஐம்பது_மீட்டர்:
பட்டியல் சரி. பிரஷ்ஷைச் சால்வெண்ட் குப்பிக்குள் முக்காதீர்கள், ஒரு தடவை முக்கினால் குப்பி முழுக்க அழுக்கு. சொட்டுச் சொட்டாக பிரஷ் மேல் விடுங்கள். வாயிலிருந்து வெளியே வரும்போது முள் தெறித்துச் சால்வெண்ட் கண்ணில் அடிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பாத்திர சோப்பு போட்ட வெந்நீரில் அலசிக் காய வைத்துக் குழாய் டப்பாவில் நேராக வையுங்கள். தள்ளும்போது தடையே தெரியவில்லை என்றால் அடுத்ததை எடுங்கள், பழையதைப் பேட்ச் சுற்ற வைத்துக்கொள்ளலாம்.

எஸ்டேட்காரன்:
வெந்நீர் ஊற்றிப் பார்த்துவிட்டேன். நாடா நாடாவாகத்தான் வந்தது. அடியில் இரண்டு இடத்தில் செம்மண் நிறமும் இருக்கிறது. அதற்குத் தனி இழை போடுகிறேன்.